பல் சொத்தைக்கு எப்பவும் சாக்லேட்தான் காரணமா?

இன்றைய எபிசோட் எச்சிலைப் பற்றி. முகம் சுளிக்காம கேளுங்க.

ஒரு நாளைக்கு நம்ம வாயில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்குது. அது சாப்பாட்டை நனைக்குது, அமிலத்தைத் தணிக்குது, எனாமல் இழந்த கால்சியத்தைத் திருப்பிக் கொடுக்குது. சரி, அந்தச் சுரப்பியே இல்லாம ஒரு குழந்தை பிறந்தா?

ஒரே வட்டாரம், ஒரே நேரம்

நமக்குப் பெரிய உமிழ்நீர் சுரப்பிகள் மூணு ஜோடி. காதுக்கு முன்னால ஒண்ணு, தாடைக்கு அடியில ஒண்ணு, நாக்குக்கு அடியில ஒண்ணு. கரு உருவாகி ஆறு, ஏழு வாரம் ஆகும்போது இவை சின்ன மொட்டாகத் தொடங்கும். தாடையும் காதும் உருவாகுறதும் கிட்டத்தட்ட அதே சமயத்துலதான். சுற்றியுள்ள திசு அனுப்பும் சிக்னல் கிடைச்சாதான் மொட்டு கிளைவிட்டு வளரும். அங்கே கோளாறு வந்தா, முகத்தோட சேர்ந்து சுரப்பியும் பாதிக்கப்படலாம்.

அந்த சிக்னல்களில் முக்கியமான ஒண்ணைத் தருவது எஃப்ஜிஎஃப்10 என்ற மரபணு. அதில் பிழை இருந்தா எல்ஏடிடி சிண்ட்ரோம் வரலாம். கண்ணீர்ப் பாதை அடைப்பு, கிண்ணம் போன்ற காது, சின்னச் சின்னப் பற்கள், கட்டைவிரலில் மாற்றம், கூடவே வறண்ட வாய். சிலருக்கு வெளியே எதுவும் தெரியாது. கண்ணீர், உமிழ்நீர் சுரப்பிகள் மட்டும் இருக்காது.

இன்னொண்ணு ட்ரீச்சர் காலின்ஸ் சிண்ட்ரோம். சுமார் 50,000 பிறப்புகளில் ஒன்று. கன்ன எலும்பும் தாடையும் சிறுத்திருக்கும், காது கேட்பதில் சிக்கல் இருக்கலாம். மருத்துவ உலகம் இதை 1900-லிருந்து அறியும். ஆனா இவர்களில் பலருக்கு உமிழ்நீர் சுரப்பியிலும் குறை இருப்பதை நார்வே ஆய்வாளர்கள் எழுதியது 2012-ல்தான்!

ஏன் இவ்வளவு தாமதம்? மூச்சு, பால் குடிப்பது, காது கேட்பது, இதையெல்லாம்தான் டாக்டர்கள் முதலில் கவனிக்கணும். எச்சில் கடைசி வரிசையில் நிற்குது. பிறகு பால் பல் வரிசையா சொத்தையாகும்போது அம்மாவைப் பார்த்து, "இனிப்பு நிறைய கொடுத்தீங்களா? பல் தேய்ச்சு விடலையா?"ன்னு கேட்பாங்க. பத்து ஆபரேஷனுக்கு அலைந்த குடும்பத்துக்கு இது தேவையில்லாத பழி.

எதைக் கவனிக்கணும்?

பிஸ்கட், ரொட்டி சாப்பிடும்போது ஒவ்வொரு வாய்க்கும் தண்ணி கேட்பது. ராத்திரி தாகத்தில் எழுவது. நாக்குக்கு அடியில் எச்சில் தேங்காதது. பல் டாக்டரின் கண்ணாடி கன்னத்தின் உள்பக்கம் ஒட்டிக்கொள்வது. சந்தேகம் வந்தா அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் போதும். வலி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சுரப்பி இருக்கா, எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சிடும்.

இல்லாத சுரப்பியை இன்றைக்கு முளைக்க வைக்க முடியாது. ஆனா பல்லைக் காப்பாத்தலாம். ஃபுளோரைடு பேஸ்ட், பல் டாக்டர் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், அடிக்கடி ஒரு வாய் வெறும் தண்ணி, இனிப்பு சாப்பாட்டு நேரத்தில் மட்டும். சில அலர்ஜி மருந்துகள் வாயை இன்னும் வறட்டும், அதனால டாக்டர்கிட்ட முன்கூட்டியே சொல்லிடுங்க.

இதெல்லாம் முதல் பல் முளைக்கும்போதே தொடங்கணும். அதுக்கு யாராவது ஒருத்தர் "வாய் ஈரமா இருக்கா?"ன்னு கேட்கணும். உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பத்தில் இப்படி ஒரு குழந்தை இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்!