டார்ச் அடிக்காத ரேடார்!

குட்டீஸ், இருட்டில் கண்ணாமூச்சி ஆடியிருக்கிறீர்களா? டார்ச் அடித்துத் தேடினால் ஒளிந்திருப்பவர் தெரிவார். ஆனால், நீங்கள் நிற்கும் இடமும் அவருக்குத் தெரிந்துவிடுமே! ரேடாருக்கும் இதே தொல்லைதான். அது ரேடியோ அலையை அனுப்பி, விமானத்தில் பட்டுத் திரும்புவதைப் பிடிக்கிறது. அனுப்பிய அலையே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டார்ச்சை அணைத்துவிட்டு நிலா வெளிச்சத்தில் தேடினால்? அதுதான் 'பாஸிவ் ரேடார்'. அடுத்தவர் அனுப்பும் அலையை இரவல் வாங்கிக்கொள்ளும் கில்லாடி! 1935 பிப்ரவரி 26-ல், இங்கிலாந்தின் டாவென்ட்ரி அருகே, வாட்சன் வாட்டும் வில்கின்ஸும் பி.பி.சி. வானொலி அலையை வைத்தே சுமார் 13 கி.மீ. தூரம் வரை ஒரு விமானத்தைக் கவனித்தார்கள்.

இப்போது உத்திரமேரூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். இங்கே யாருடைய அலையை இரவல் வாங்குவது? அண்ணாந்து பாருங்கள். சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் இரவு பகலாக அலை அனுப்புகின்றன. செல்போனுக்கு வழி காட்டும் அதே அலை! நம் இஸ்ரோவும் 2013 ஜூலை 1-ல் இதேபோன்ற 'நாவிக்' வரிசையின் முதல் செயற்கைக்கோளை ஏவியது.

கரையில் ஆன்டெனா வைத்துக் காத்திருந்தால், செயற்கைக்கோளுக்கும் அதற்கும் குறுக்கே விமானம் போகும்போது சிக்னல் லேசாகத் துடிக்கும். நிலாவை மறைத்து ஒரு கொக்கு பறந்த மாதிரி!

ஆனால், அவ்வளவு தூரம் வரும் அலை ரொம்ப நோஞ்சான். சுற்றியுள்ள ரேடியோ இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். கம்ப்யூட்டர்தான் அதைத் தேடி எடுக்க வேண்டும். தொலைவில் பறக்கும் விமானம் சிக்குவது கஷ்டம்.

அப்புறம் ஏன் விஞ்ஞானிகள் இதை விடாமல் ஆராய்கிறார்கள்? ரேடாரை ஏமாற்றும் 'ஸ்டெல்த்' விமானங்கள் தம்மீது படும் அலையை உறிஞ்சிவிடும். வேறு பக்கம் திருப்பியும் விடும். நிழலை என்ன செய்யும்?