குழந்தைகளின் கையெழுத்தைச் சீராக்குதல்

கையெழுத்து என்பது கண், கை, நினைவு ஆகிய மூன்றும் இணைந்து செயல்படுவதால் உருவாகும் திறன் ஆகும். எழுத்து அழகாக இருப்பதைவிட, பிறர் தடையின்றிப் படிக்கும்படி தெளிவாக இருப்பதும், எழுதும் குழந்தைக்குக் கை வலிக்காமல் இருப்பதுமே முக்கியம். விடை தெரிந்திருந்தும், எழுத்து புரியாததால் மதிப்பெண் இழக்கும் மாணவர்கள் உண்டு.

தமிழில் தெளிவின் தேவை

தமிழில் ஒரு சிறு சுழியோ புள்ளியோ பொருளையே மாற்றிவிடும்.

- மூன்று சுழி 'ண' இரண்டு சுழியானால் 'மணம்' 'மனம்' ஆகிவிடும்.
- ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு தெரியாவிட்டால் 'கொடு' 'கோடு' ஆகிவிடும்.
- புள்ளி விடுபட்டால் 'கல்' 'கல' ஆகிவிடும்.
- 'ர' எழுத்தின் கீழ்ச்சாய்வு இல்லாவிட்டால் அது துணைக்காலாகத் தோன்றும்.

எனவே "அழகாக எழுது" என்று பொதுவாகச் சொல்வதைவிட, எந்த எழுத்தில் எந்தப் பகுதி தெளிவில்லை என்று சுட்டிக்காட்டுவதே பயன் தரும்.

கையைப் பழக்குதல்

விரல்களுக்குப் போதிய வலு வரும் முன்பே எழுத வற்புறுத்தினால், குழந்தை பென்சிலை இறுக்கிப் பிடிக்கப் பழகிவிடும். களிமண் உருட்டுதல், மணி கோத்தல், காகிதம் கிழித்து ஒட்டுதல், மணலில் விரலால் எழுதுதல், புள்ளிக்கோலம் வரைதல் ஆகியவை விரல்களுக்கு நல்ல பயிற்சி.

அமர்வும் பிடிப்பும்

1. பாதங்கள் தரையில் படியும்படி அமர வேண்டும். தரையில் அமர்ந்தால், குனியாமல் எழுதச் சாய்பலகை உதவும்.
2. பெருவிரலும் சுட்டுவிரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரல் அதைத் தாங்க வேண்டும். கூர்முனையிலிருந்து 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே பிடிக்கலாம்.
3. எழுதாத கை தாளை அசையாமல் பிடித்திருக்க வேண்டும்.
4. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தையை வலக்கைக்கு மாற்றக் கூடாது. தாளின் மேற்பகுதியைச் சற்று வலப்புறம் சாய்த்து வைத்தால், எழுதுவது கையால் மறையாது.

எழுத்துகளைக் கற்கும் வரிசை

தொடக்கத்தில் அகரவரிசையைவிட வடிவ வரிசை எளிது. 'ட' வந்தபின், அதன் வலப்பக்கம் ஒரு கோட்டை மேலே ஏற்றினால் 'ப' வந்துவிடும். இவ்வாறு நேர்கோடு மிகுந்த எழுத்துகளை முதலிலும், சுழி மிகுந்த ன, ண, இ போன்றவற்றைப் பின்னரும் பழக்கலாம். இரட்டைக் கோட்டுக் குறிப்பேட்டில், எழுத்தின் உடல் கோடுகளுக்குள் அடங்கி, 'கி' போன்றவற்றின் விசிறி மேலேயும் 'கு' போன்றவற்றின் வளைவு கீழேயும் செல்ல வேண்டும். சொற்களுக்கு இடையே ஓர் எழுத்தளவு இடம் விட வேண்டும்.

1978 இல் தமிழ்நாடு அரசு ணை, லை, னா உள்ளிட்ட 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. வீட்டில் பெரியவர்கள் பழைய வடிவில் எழுதினால் குழந்தை குழம்பக்கூடும். பாடநூலில் உள்ள வடிவத்தையே பழக்க வேண்டும்.

பயிற்சி முறை

நாள்தோறும் 10 முதல் 15 நிமிடப் பயிற்சி போதும். பக்கம் பக்கமாக எழுதச் சொல்வதால் களைப்பே மிஞ்சும்; கடைசி வரிகளில் தவறான வடிவமே பழகிவிடும். ஒரு வாரத்துக்கு ஓரிரு எழுத்துகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஒரு வரி எழுதியதும், அதில் மிக நன்றாக வந்த எழுத்தைக் குழந்தையே வட்டமிடட்டும். முதல் நாள் தாளைத் தேதியிட்டு வைத்திருந்து, ஒரு மாதம் கழித்து ஒப்பிட்டுக் காட்டலாம். வடிவம் நிலைத்த பிறகே வேகத்தைக் கூட்ட வேண்டும்.

எழுத்தைத் தண்டனையாகக் கொடுப்பதும், பிற பிள்ளைகளின் ஏட்டோடு ஒப்பிடுவதும் எழுதுவதன் மீதே வெறுப்பை உண்டாக்கும்.

கவனிக்க வேண்டியவை

தொடர்ந்து பயிற்சி செய்தும் எழுத்து சீராகாமல், கைவலி, வரி விலகல், வாய்மொழியாகச் சொல்வதை எழுத இயலாமை ஆகியவை நீடித்தால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடக் கூடாது. பார்வைக் குறைவோ, டிஸ்கிராபியா எனப்படும் எழுதுதல் குறைபாடோ காரணமாக இருக்கலாம். முதலில் கண் பரிசோதனையும், தேவைப்பட்டால் குழந்தை மருத்துவரின் ஆலோசனையும் பெறுவது நல்லது.