லட்ச ரூபாய் நாற்காலி முதுகைக் காக்குமா?

2018-ல் பெர்லினில் நடந்த ஐஎஃப்ஏ மின்னணுக் கண்காட்சியில் ஏசர் நிறுவனம் ஒரு சிம்மாசனத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது. பெயர் ‘பிரிடேட்டர் த்ரோனோஸ்’. ஒன்றரை மீட்டர் உயரம், எஃகுச் சட்டம், தலைக்கு மேலிருந்து முன்னால் இறங்கும் மூன்று 27 அங்குல மானிட்டர்கள். உட்கார்ந்து பொத்தானை அழுத்தினால் 140 டிகிரி வரை பின்னால் சாயும். அதற்கு முன்பே கனடாவில் ‘எம்பரர்’ என்ற பெயரில் இதே மாதிரியான வேலைக்கூடுகள் விற்பனைக்கு வந்துவிட்டன. 2020-ல் சீனாவின் குளுவென்ஸ் நிறுவனம் தேள் வடிவத்திலேயே ஒன்றைச் செய்தது. தேளின் வால் உட்கார்ந்தவரின் தலைக்கு மேல் வளைந்து வரும், அதன் நுனியில் மானிட்டர்கள் தொங்கும். அந்தப் படம் பல நாட்கள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது.

வேடிக்கை பார்த்துவிட்டு நகர்ந்துவிட முடியாத விஷயம் இது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே பிழைக்கும் கூட்டம் பெருகிவிட்டது. முப்பது வயதிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பவர்கள் எல்லா ஆபீஸிலும் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் சாப்பாட்டு மேஜையிலும் பிளாஸ்டிக் நாற்காலியிலும் மாதக்கணக்கில் வேலை பார்த்தவர்களுக்கு, நாற்காலி என்பது உடம்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம் என்பது நன்றாகவே புரிந்துவிட்டது. அவர்கள் கேட்கும் கேள்வி நேரடியானது. இவ்வளவு பணம் போட்டால் வலி போகுமா?

முதலில் இந்தக் கூடுகளுக்கு உரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். சாய்ந்து உட்காருவது சோம்பேறித்தனம், நிமிர்ந்து உட்காருவதே ஒழுக்கம் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். முதுகெலும்பு அதை ஒப்புக்கொள்ளவில்லை. 1973, 1974-ல் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில் தங்கியிருந்த வீரர்களின் உடல்கள், எடையற்ற நிலையில் தாமாக எந்த வடிவத்துக்குப் போகின்றன என்று நாசா பதிவுசெய்தது. உடற்பகுதிக்கும் தொடைக்கும் இடையிலான கோணம் சுமார் 128 டிகிரியில் போய் நின்றது, நாற்காலிப் படங்களில் காட்டும் 90 டிகிரியில் அல்ல. 2006-ல் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகர மருத்துவமனையில் வசீம் பஷீர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், உட்கார்ந்த நிலையிலேயே எம்ஆர்ஐ எடுக்கும் கருவியில் 22 பேரைப் பரிசோதித்தார்கள். கூன்போட்டு, நேராக, சாய்ந்து என்று மூன்று விதமாக அவர்களை உட்காரவைத்துப் பார்த்ததில், 135 டிகிரி சாய்வில்தான் ‘டிஸ்க்’ எனப்படும் முதுகுத் தட்டுகள் குறைவாக நகர்ந்தன.

இன்னொரு ஆய்வு இதைவிடச் சுவாரசியமானது. நிற்பதைவிட உட்காரும்போதுதான் முதுகுத் தட்டில் அழுத்தம் கூடுகிறது என்பது ஸ்வீடன் நாட்டு மருத்துவர் ஆல்ஃப் நாஹெம்சன் 1960-களிலிருந்து அளந்து சொன்ன கணக்கு. பாடப் புத்தகங்கள் அதையே திருப்பிச் சொல்லிவந்தன. 1999-ல் ஜெர்மனியில் வில்கே என்ற ஆராய்ச்சியாளரின் குழு, 45 வயதுத் தன்னார்வலர் ஒருவரின் முதுகுத் தட்டுக்குள்ளேயே அழுத்தமானியைப் பொருத்தி, சுமார் ஒரு நாள் முழுக்க அவர் நிற்க, நடக்க, உட்கார, தூங்க அளந்தது. நிற்கும்போது 0.5 மெகாபாஸ்கல். சாய்மானம் இல்லாமல் உட்கார்ந்தபோது 0.46. நாற்காலியில் அசட்டையாகச் சரிந்து உட்கார்ந்தபோது சுமார் 0.3 தான்! அளந்தது ஒரே ஓர் ஆளைத்தான், அதை மறக்கக் கூடாது. ஆனாலும் சாய்மானம் பாரத்தை வாங்கிக்கொள்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

அப்படியானால் தேள் நாற்காலிக்காரர்கள் சொல்வது சரிதானே? சாய்வு சரி. சிக்கல் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. முதுகைப் பின்னால் சாய்த்த உடனே பார்வை மேலே போய்விடுகிறது, ஆகவே மானிட்டரை மேலே தொங்கவிட வேண்டும். கை கீபோர்டை விட்டு விலகிவிடுகிறது, ஆகவே கீபோர்டையும் மவுஸையும் மடிக்கு மேல் கொண்டுவர வேண்டும். ஒரு சாய்வுக்காக மொத்த மேஜையையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கிறது. கட்டியபின் பக்கத்து சீட்காரர் ஒரு காகிதத்தை நீட்டினால் வாங்கி வைக்க இடமில்லை. டீ டம்ளருக்கும் இடமில்லை. போன் வந்தால் எழுந்து போக, முதலில் மோட்டார் உங்களை நிமிர்த்த வேண்டும். அதனால் எழுந்திருப்பதே குறைகிறது. எழாமல் இருப்பதுதான் நோய்க்கு மூலம் என்னும்போது, எழவிடாத ஒரு சாதனத்தை மருந்து என்று ஒப்புக்கொள்வது கடினம்.

ஆனால் ஒரு சாராருக்கு இவை ஆடம்பரம் இல்லை. முதுகில் ஆபரேஷன் ஆனவர்கள், தண்டுவடக் காயம் பட்டவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்தாலே காலுக்கு வலி இறங்குகிறவர்கள். படுத்த நிலையில் மட்டுமே வேலை செய்ய முடியும் என்ற நிலையில் இருப்பவருக்கு, கட்டிலைப் போல நீளும் வேலைக்கூடு என்பது வேலையையும் சம்பளத்தையும் கைவிடாமல் இருப்பதற்கான வழி. அமெரிக்காவில் ‘ஆல்ட்வொர்க்’ போன்ற, முழுக்க மல்லாந்து படுத்தும் டைப் செய்ய இடம்தரும் மேஜை-நாற்காலிகள் வந்திருக்கின்றன. அவற்றைக் கேலி செய்பவர்கள் அந்த நோயாளியின் பக்கமிருந்து ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இன்று உலகில் அதிகம் பேசப்படும் ஆபீஸ் நாற்காலியின் பூர்வீகமும் நோயாளிகளின் பக்கம்தான். 1980-களில் பில் ஸ்டம்ப், டான் சாட்விக் என்ற இரண்டு அமெரிக்க வடிவமைப்பாளர்கள், ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காக ‘சாரா’ என்ற பெயரில் ஒரு முதியோர் நாற்காலியை உருவாக்கினார்கள். மெத்தை வைத்த சாய்வு நாற்காலியில் மணிக்கணக்கில் கிடக்கும் வயதானவர்களுக்குப் பஞ்சு சூட்டைத் தேக்குகிறது, வியர்வை தங்குகிறது, படுக்கைப் புண் வருகிறது என்பதை நேரில் பார்த்து, மெத்தையைக் குறைத்து, சட்டத்தின் மேல் துணியை இழுத்துக் கட்டும் யோசனைக்கு வந்தார்கள். சாரா சந்தைக்கே வரவில்லை. ஆனால் அந்த யோசனை வீணாகவில்லை. மெத்தையே இல்லாமல், வலை மட்டும் இழுத்துக் கட்டிய ‘ஏரான்’ நாற்காலி 1994-ல் வந்தது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அதைத் தன் சேகரிப்பில் வைத்துக்கொண்டது. டாட்காம் காலத்தில் புதிதாக முளைத்த இணையக் கம்பெனிகள் எல்லாம் அதை வாங்கிக் குவித்தன. 2000-க்குப் பின் அவை மூழ்கியபோது அதே நாற்காலிகள் ஏலத்துக்கு வந்தன. இந்தியாவில் இன்றைக்குப் புது ஏரானின் விலை லட்சம் ரூபாயைத் தாண்டும்.

வெயில் ஊர்க்காரர்களுக்கு வலை நாற்காலியின் அருமை தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ஏரானில் கவனிக்க வேண்டியது வேறொன்று. அது சட்டை மாதிரி ஏ, பி, சி என்று மூன்று அளவுகளில் விற்கப்படுகிறது. எல்லோருக்கும் ஒரே நாற்காலி பொருந்தாது என்பதை அந்த நிறுவனம் அப்போதே ஒப்புக்கொண்டுவிட்டது. நம் ஆபீஸ்களில் இன்னமும் இது ஏறவில்லை. ஒரே ரகத்தில் ஐந்நூறு நாற்காலி வாங்கிப் போட்டுவிட்டு, ‘எர்கோனாமிக் சேர் கொடுத்துவிட்டோம்’ என்கிறார்கள்.

ஐந்தடி உயரமுள்ள ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் என்ன ஆகிறது என்று பார்க்கலாம். ஆபீஸ் மேஜைகளின் உயரம் பெரும்பாலும் 75 சென்டிமீட்டரை ஒட்டியிருக்கும். அதன் மேலுள்ள கீபோர்டுக்கு முழங்கை சமமாக வர வேண்டும் என்று அவர் நாற்காலியை உயர்த்துகிறார். பாதம் தரையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. தொங்கும் காலின் பாரம் தொடையின் அடிப்பகுதியில் அழுந்துகிறது, மாலைக்குள் கால் மரத்துப்போகிறது. சரி, இறக்கலாம் என்று இறக்கினால் தோள்பட்டை காது வரை ஏறிக்கொள்கிறது. சீட்டின் ஆழமோ உயரமானவர்களுக்காக வைத்தது. முதுகைச் சாய்த்தால் சீட்டின் விளிம்பு முழங்காலின் பின்பக்கத்தில் இடிக்கிறது. அதனால் அவர் நுனியில் உட்காருகிறார். பின்னால் இருக்கும் லம்பர் சப்போர்ட் என்ற இடுப்புத் தாங்கி, ஹெட்ரெஸ்ட் எல்லாம் யாருக்கும் உதவாமல் நிற்கின்றன. இந்தப் பெண்ணுக்கு வேண்டியது காலுக்கு ஒரு மணையும், சீட்டை முன்பின் நகர்த்தும் வசதியுமே. விலை ஏறிய நாற்காலியிலும் அந்த இரண்டாவது வசதி இல்லாமல் இருக்கலாம், பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

நல்ல நாற்காலிக்குப் பலனே இல்லை என்று சொல்லவும் முடியாது. 2003-ல் பெஞ்சமின் அமிக் என்ற ஆராய்ச்சியாளரின் குழு, அமெரிக்காவின் ஒரு மாநில வரித்துறை ஊழியர்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டது. ஒரு பிரிவினருக்குப் பலவிதமாக மாற்றியமைக்கக்கூடிய நாற்காலியும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்ற பயிற்சியும் தரப்பட்டன. இரண்டாவது பிரிவுக்குப் பயிற்சி மட்டும். மூன்றாவது பிரிவுக்கு அப்போதைக்கு எதுவும் இல்லை. வேலை நாள் நகர நகர ஏறிக்கொண்டே போகும் உடல்வலி, நாற்காலியும் பயிற்சியும் சேர்ந்து கிடைத்தவர்களிடம் குறைந்தது. பயிற்சி மட்டும் பெற்றவர்களிடம் சொல்லும்படியான மாற்றம் இல்லை. பயிற்சியே இல்லாமல் நாற்காலி மட்டும் கொடுத்த பிரிவு அந்த ஆய்வில் கிடையாது. நம் ஊரில் நடப்பதெல்லாம் அந்த நான்காவது பிரிவுதான். பாலிதீன் உறைகூடப் பிரிக்காத நாற்காலிகள், அடியில் உள்ள லீவர் எதற்கென்று தெரியாமலே ஆண்டுக்கணக்கில் உட்காருபவர்கள். நாற்காலி வந்த அன்று ஒருவர் வந்து பத்து நிமிடம் உட்காரவைத்துச் சரிசெய்து தருவதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு. அதைச் செய்யாத நிர்வாகம் வாங்கிய பொருளையே வீணடிக்கிறது.

வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இதைவிட அவசரமான பிரச்சினை லேப்டாப். திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்திருப்பதால், கைக்கு வசதியாக வைத்தால் கழுத்து குனிகிறது, கண்ணுக்கு வசதியாக வைத்தால் கை அந்தரத்தில் நிற்கிறது. எந்த விலை நாற்காலியாலும் இதைத் தீர்க்க முடியாது. லேப்டாப்புக்கு அடியில் நாலு தடிப் புத்தகம் வைத்து, சில நூறு ரூபாய்க்குத் தனி கீபோர்டும் மவுஸும் வாங்கினால் தீர்ந்துவிடும்.

இப்போது இளைஞர்களிடம் பரவிவரும் கேமிங் நாற்காலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரேஸ் கார் சீட்டைப் பார்த்து வடிவமைத்தவை அவை. கார் வளைவில் திரும்பும்போது ஓட்டுநர் பக்கவாட்டில் சரிந்துவிடாமல் பிடிக்கத்தான் அந்தச் சீட்டின் இரு பக்கமும் மேடாக இருக்கும். வீட்டு அறையில் எந்த வளைவும் இல்லை. அகலமான உடம்புக்காரர்களின் தொடையையும் தோளையும் அந்த மேடு நெருக்குவதுதான் மிச்சம். ரெக்சின் உறை நம் சித்திரை வெயிலில் என்ன பாடுபடுத்தும் என்பதை வாங்கியவர்களைக் கேட்டாலே தெரியும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று இருக்கிறது: உடம்பை அசைப்பது. 2016-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு, பத்து லட்சத்துக்கும் அதிகமானவர்களின் தகவல்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண ஆபத்து, தினமும் 60 முதல் 75 நிமிடம் மிதமான உடலுழைப்பு உள்ளவர்களிடம் காணப்படவில்லை. 2020-ல் வெளியான இன்னோர் ஆய்வு, தான்சானியாவின் ஹட்ஸா வேட்டைச் சமூகத்தினரும் பகலில் பத்து மணி நேரம் போல உட்கார்ந்தே கழிக்கிறார்கள் என்று கண்டது. அவர்கள் குந்தியும் மண்டியிட்டும் உட்காருவதால் கால் தசைகள் ஓரளவு வேலை செய்கின்றன. சம்மணம் போட்டும் குந்தியும் பழகிய நம் முந்தைய தலைமுறையின் உடம்புக்கு இது தெரிந்த சங்கதி. ஐரோப்பிய நாடுகள் 1990-ல் கம்ப்யூட்டர் வேலைக்காகக் கொண்டுவந்த விதிகளில், நாற்காலியின் உயரமும் சாய்வும் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், கேட்பவருக்குக் கால்மணை தர வேண்டும் என்றிருக்கிறது. அதே விதிகளில், வேலைக்கு நடுநடுவே இடைவேளையோ வேறு வேலையோ தரும்படி நிர்வாகம் திட்டமிட வேண்டும் என்றும் இருக்கிறது. முதல் பகுதியைக் கடையில் வாங்கிவிடலாம். இரண்டாவது பகுதிக்கு மேலாளர்கள் மனம் வைக்க வேண்டும். டார்கெட்டைத் துரத்தும் டீமில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடப்பவரை யாரும் முறைக்காமல் இருக்க வேண்டும்.

உட்காருவதைப் பற்றி இவ்வளவு பேசும்போது, உட்காரவே இடம் இல்லாதவர்களையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை. துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் பத்து மணி நேரம் நின்றே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018-லும் தமிழ்நாடு 2021-லும் சட்டம் திருத்தின. அந்தக் கடைகளில் நிற்கும் பெண்களின் காலில் புடைத்து நிற்கும் நரம்புக்கு லம்பர் சப்போர்ட் வேண்டாம், ஒரு ஸ்டூல் போதும். அதுவும் எல்லாக் கடைகளிலும் வந்து சேர்ந்துவிட்டதா என்று தொழிலாளர் துறை போய்ப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டர்காரர்கள் விஷயத்துக்கு வந்தால், பணம் போடத் தகுதியான இடங்கள் சிலவே. உயரம் ஏற்றி இறக்க, சீட்டை முன்பின் நகர்த்த, முதுகுச் சாய்மானத்தைத் தளர்த்தி இறுக்க, கைப்பிடியை மேஜைக்கு அடியில் போகுமளவு தாழ்த்த வசதி இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளவை விருப்பம். கடையில் ‘ஹைட்ராலிக்’ என்று சொல்வது, நைட்ரஜன் வாயு அடைத்த உருளையை. லீவரை இழுத்தால் அதன் வால்வு திறக்கிறது, விட்டால் மூடிக்கொள்கிறது. அதன் சீல் தேய்ந்தால் உட்கார்ந்தபடியே நாற்காலி மெல்ல இறங்கும். உருளையை மட்டும் மாற்றித் தர ஊரில் ஆள் கிடைக்குமா என்று வாங்கும்போதே கேட்டுவிட வேண்டும். பெரிய கம்பெனிகள் ஆபீஸைக் காலிசெய்யும்போது பழைய சாமான் சந்தைக்கு வரும் நல்ல ரக நாற்காலிகளில் வலை கிழியாமல், உருளை இறங்காமல் இருந்தால், அதே விலைக்குக் கிடைக்கும் புது மலிவு நாற்காலியைவிட அவை மேல்.

கடைக்குப் போகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்யத் தவறுகிறார்கள். ஷூவோ செருப்போ போட்டபடி உட்கார்ந்து பார்த்து வாங்கிவருகிறார்கள். வீட்டில் வெறுங்காலோடு உட்காரும்போது ஓர் அங்குலம் போல உயரம் தப்பிவிடுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, லீவரை இழுத்து நாற்காலியைக் கடைசி வரை இறக்கிப் பார்க்கட்டும். முதுகு சாய்மானத்தைத் தொட்டிருக்கும்போதே குதிகால் தரையில் பதிய வேண்டும், சீட் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். அப்படி இல்லையென்றால் விலைச்சீட்டில் என்ன போட்டிருந்தாலும், அடுத்த நாற்காலியை எடுத்துப்போடச் சொல்லலாம்.