உலகை எடையிட்ட துலாக்கோல்

துலாக்கோலின் இயல்பை அறியாதார் இலர். ஒரு தட்டில் பண்டமும் மறுதட்டில் எடைக்கல்லும் இருக்க, நடுவிலுள்ள நா சாயாது நிற்குமாயின், இரண்டும் ஒத்த எடையுடையன என்று விற்பவரும் வாங்குபவரும் ஒருங்கே ஏற்றுக்கொள்வர். இயற்கணிதத்தில் வரும் சமன்பாடும் இத்தகையதொரு துலாக்கோலே. சமக்குறியே அதன் நா. இருபுறமும் நிற்கும் கோவைகளே அதன் தட்டுகள். ஒருபுறத்தில் செய்த மாற்றத்தை மறுபுறத்திலும் செய்யும்வரை நா சாய்வதில்லை. இவ்வெளிய நெறியைத் துணைக்கொண்டு, எத்தட்டிலும் ஏற்ற இயலாத இந்நிலவுலகையே அறிஞர்கள் எடையிட்டனர்.

முதற்கண் எளியதோர் எடுத்துக்காட்டைக் காண்போர்க்கு இந்நெறி நன்கு விளங்கும். வானத்தில் மின்னல் தோன்றுகிறது. 5 வினாடி கழித்து இடியோசை கேட்கிறது. ஒளி வந்தடையும் நேரம் மிகமிகச் சிறிதாகலின் அதனைக் கணக்கில் கொள்ள வேண்டுவதில்லை. ஒலியோ காற்றில் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. தொலைவு = வேகம் × காலம் என்பது சமன்பாடு. ஆகவே, 340-ஐ 5-ஆல் பெருக்க, மின்னல் தோன்றிய இடம் 1,700 மீட்டர் தொலைவில் உள்ளது என்பது புலனாகும்.

இனி, 1,020 மீட்டர் தொலைவில் வெடிக்கும் வேட்டின் ஓசை எத்தனை வினாடியில் வந்து சேரும் எனக் கேட்பின், அறிய வேண்டுவது காலம். அது வேகத்தோடு பெருக்கலால் பிணைந்து நிற்கிறது. அப்பிணைப்பை நீக்க, இருபுறத்தையும் வேகத்தால் வகுத்தல் வேண்டும். வலப்புறத்தில் வேகம் வேகத்தால் வகுபட்டு ஒன்றாகிவிடுவதால், காலம் தனித்து நிற்கும். காலம் = தொலைவு ÷ வேகம் என்ற புதிய வடிவம் கிடைக்கும். 1,020-ஐ 340-ஆல் வகுக்க, விடை 3 வினாடி.

'பக்கம் மாறினால் பெருக்கல் வகுத்தலாகும்' என்று சில மாணவர் மனப்பாடம் செய்வர். உண்மையில் எதுவும் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்குத் தாவிச் செல்வதில்லை. இரு தட்டிலும் ஒரே செயல் நிகழ்கிறது, அவ்வளவே. காரணம் அறிந்தவர்க்கு விதி மறந்துபோனாலும் வழி மறவாது.

இவ்வழியே உலகின் நிறையை அறியவும் உதவிற்று. 1687-ஆம் ஆண்டில் ஐசக் நியூட்டன் தம் ஈர்ப்பு விதியை வெளியிட்டார். ஆப்பிளை மண்ணில் வீழ்த்தும் விசையும் திங்களைப் புவியைச் சுற்றவைக்கும் விசையும் ஒன்றே என்பது அதன் கருத்து. அவ்விதியை இன்று வழங்கும் முறைப்படி எழுதினால், புவிப்பரப்பில் விழும் பொருளுக்கு இச்சமன்பாடு பொருந்தும்:

முடுக்கம் = ஈர்ப்பு மாறிலி × புவியின் நிறை ÷ புவி ஆரத்தின் வர்க்கம்

ஊசலின் ஆட்டத்தைக் கொண்டு முடுக்கத்தை அளக்கலாம். நிலத்தை அளந்து புவியின் ஆரத்தையும் கணிக்கலாம். ஆனால் ஈர்ப்பு மாறிலி, புவியின் நிறை என்னும் இரண்டும் அறியப்படாதனவாய் நின்றன. ஒரு சமன்பாட்டில் அறியப்படாதவை இரண்டு இருப்பின், அதனை எவ்வளவு திருப்பி எழுதினும் விடை தோன்றாது. நியூட்டனும் புவியின் அடர்த்தி நீரினும் 5 அல்லது 6 மடங்கு இருக்கலாம் என ஊகித்தாரேயன்றி அளந்து காட்டவில்லை.

அக்குறை நீங்க நூறாண்டுக்குமேல் ஆயிற்று. ஜான் மிச்செல் என்னும் ஆங்கில அறிஞர் அதற்குரிய கருவியை அமைத்தார். ஆய்வைத் தொடங்குமுன் 1793-இல் மறைந்தார். அக்கருவி ஹென்றி கேவண்டிஷ் என்பாரிடம் வந்து சேர்ந்தது. அவர் அதனைச் செப்பனிட்டு, இலண்டனை அடுத்த தம் இல்லத்தில், 65 வயதில், 1797-இல் ஆய்வைத் தொடங்கினார்.

மெல்லிய கம்பியில் ஏறத்தாழ 1.8 மீட்டர் நீளமுள்ள மரச்சட்டம் ஒன்று தொங்கிற்று. அதன் இரு முனைகளிலும் சிறிய ஈயக்குண்டுகள் இருந்தன. அவற்றின் அருகே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 158 கிலோகிராம் நிறையுள்ள பெரிய ஈயக்குண்டுகள் இரண்டு கொண்டுவரப்பட்டன. பெருங்குண்டின் ஈர்ப்பால் சட்டம் மிகச் சிறிதளவு திரும்பிற்று. ஆய்வாளரின் உடல்வெப்பம் எழுப்பும் காற்றசைவும் அளவைக் கெடுக்குமாதலால், கேவண்டிஷ் அறையை மூடிவிட்டு, வெளியே நின்று தொலைநோக்கியால் அச்சிறு அசைவை அளந்தார்.

புவியின் அடர்த்தி நீரைப்போல் 5.48 மடங்கு என அவர் 1798-இல் அறிவித்தார். அவர் நாடியது அடர்த்தியையே. அவ்வளவீட்டிலிருந்து ஈர்ப்பு மாறிலியைப் பிரித்தெடுத்தவர் பின்வந்தோர். இன்று அதன் மதிப்பு, உரிய அலகில், 6.67-ஐ 10-இன் 11-ஆம் அடுக்கால் வகுத்துப் பெறும் சிற்றெண் ஆகும்.

இனி அறியப்படாதது ஒன்றே. சமன்பாட்டின் இருபுறத்தையும் முதலில் ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்கி, பின்னர் ஈர்ப்பு மாறிலியால் வகுத்தால், புவியின் நிறை தனித்து நிற்கும்:

புவியின் நிறை = முடுக்கம் × ஆரத்தின் வர்க்கம் ÷ ஈர்ப்பு மாறிலி

முடுக்கத்திற்கு 9.8-உம், ஆரத்திற்கு 63,70,000 மீட்டரும் இட்டுக் கணக்கிட, விடை ஏறத்தாழ 6 என்ற எண்ணின்பின் 24 சுழிகள் கொண்ட கிலோகிராம்.

இவ்விடை மற்றோர் உண்மையையும் உணர்த்திற்று. மேற்பரப்பிலுள்ள பாறைகள் பெரும்பாலும் நீரைப்போல் மூன்று மடங்கிற்கு மேல் அடர்த்தி உடையன அல்ல. முழுப் புவியின் சராசரியோ ஐந்தரை மடங்கு. ஆகவே, கண் காணாத அதன் உட்பகுதி மிகுந்த அடர்த்தியுடையதாதல் வேண்டும். அங்குப் பெரும்பாலும் இரும்பாலான கருவம் உண்டெனப் பிற்கால ஆய்வுகள் தெளிவித்தன.

ஈண்டு ஒரு செய்தி கருதத்தக்கது. கேவண்டிஷின் கணக்கில் சிறியதொரு பிழை இருந்தது. அவருடைய அளவுகளைக் கொண்டே மீண்டும் கணக்கிட்ட பிரான்சிஸ் பெய்லி என்பார், விடை 5.448 என்றே வரும் என 1821-இல் கண்டறிந்தார். அளப்பதில் அத்துணை விழிப்புடன் இருந்தவரும் எளிய கணக்கில் தவறினார். ஆகலின் சமன்பாட்டை முறையாகத் திருப்பி எழுதுதல் முதற்பணி. அளவுகளை உண்மையாகப் பெறுதல் இரண்டாம் பணி. வந்த விடையை மீண்டும் சரிபார்த்தல் மூன்றாம் பணி. இம்மூன்றும் கைவரப் பெற்றவர்க்கு, தாம் நிற்கும் உலகமும் எடையிட இயலாத பொருளன்று.