முகத்தில் விழுந்த மின்னல்

பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவியின் காறையெலும்புக் குழியில் ஒரு துளி நிற்கிறது. பாதரசமா, கண்ணீரா, தெரியவில்லை. பார்ப்பவர்கள் அரை நூற்றாண்டாக அதை உற்றுப் பார்க்கிறார்கள். படம் எடுத்தபோது அங்கே எந்தத் துளியும் இல்லை. ஃபிலிப் காசில் என்ற ஓவியர், காற்றழுத்தத்தால் வண்ணத்தைப் பனிபோலத் தூவும் ஏர்பிரஷ் கருவியைக் கொண்டு பின்னால் தீட்டியது அது.

1973ஆம் ஆண்டு வெளியான 'அலாடின் சேன்' இசைத்தட்டின் உறை அது. மினுங்கும் உடை, கனத்த ஒப்பனை, ஆணா பெண்ணா என்று சொல்லிவிட முடியாத தோற்றம் எனப் பிரிட்டனைக் கலக்கிய கிளாம் ராக் இசையின் உச்ச காலம். செந்நிற முடி, மூடிய விழிகள், முகத்தைக் குறுக்கே வெட்டும் சிவப்பு நீல மின்னல். போவி இந்த வேடத்தில்தான் மேடையேறினார் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அந்த மின்னலை அவர் போட்டுக்கொண்டது இந்தப் படப்பிடிப்புக்கு மட்டுமே. ராக் இசையின் மிகப் புகழ்பெற்ற மேடை வேடம் மேடையையே பார்க்காதது! அது முழுக்க முழுக்கக் காகிதத்தில் உருவான ஆள்.

உருவான இடம், லண்டனில் புகைப்படக் கலைஞர் பிரையன் டஃபியின் ஸ்டூடியோ. 1973 ஜனவரி. ஒப்பனைக் கலைஞர் பியர் லரோஷ் முதலில் கன்னத்தில் சின்னதாக ஒரு மின்னல் வரைந்தாராம். டஃபிக்கு அது போதவில்லை. நெற்றியிலிருந்து தாடை நோக்கி முகம் முழுவதும் தானே கோடு போட்டு, "இதை நிரப்பு" என்ற பொருளில் லரோஷிடம் விட்டுவிட்டார் என்று டஃபியின் மகன் சொல்லியிருக்கிறார். சிவப்புக்குப் பயன்பட்டது உதட்டுச்சாயம். ஸ்டூடியோவில் இருந்த நேஷனல் பானசோனிக் ரைஸ் குக்கரின் சின்னம்தான் மின்னலுக்குத் தூண்டுதல் என்றும் ஒரு கதை உண்டு.

ஃபிலிமில் பதிந்த அந்தச் சிவப்பைக் காகிதத்துக்குக் கொண்டுவந்த முறைதான் எனக்குப் பெரிய வியப்பு. அதன் பெயர் டை டிரான்ஸ்ஃபர். சாயத்தை ஒரு படலத்திலிருந்து காகிதத்துக்கு மாற்றும் முறை. மூல வண்ணப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியாகத் தனித்தனியே மூன்று கறுப்பு வெள்ளை நெகடிவ்களாகப் பிரிப்பார்கள். ஒவ்வொன்றையும் ஜெலட்டின் பூசிய ஒரு படலத்தில் பதிப்பார்கள். ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும். இறுகாததை வெந்நீர் கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது, கண்ணுக்கு எளிதில் புலப்படாத மேடு பள்ளங்கள் கொண்ட ஒரு புடைப்புச் சிற்பம்.

இனி அதைச் சாயத்தில் ஊறவைக்க வேண்டும். தடித்த துண்டு மெல்லிய துண்டைவிட அதிக நீரைக் குடிப்பதுபோல, ஜெலட்டின் தடித்த இடம் அதிகச் சாயத்தைக் குடிக்கிறது. பிறகு பசுநீலம், செங்கருநீலம், மஞ்சள் எனச் சாயமேறிய மூன்று படலங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே காகிதத்தின் மேல் உருட்டி அழுத்துவார்கள். மயிரிழை விலகினாலும் உருவத்தின் ஓரத்தில் நிறம் கசிந்து தெரியும். அத்தனை பாட்டுக்கும் பலன் உண்டு. ஒவ்வொரு சாயத்தையும் மற்றதைத் தொடாமல் கூட்டலாம், குறைக்கலாம். தோலை வெளிறவிட்டு, மின்னலை மட்டும் கொதிக்க வைக்கலாம்.

உறையை அச்சடிக்கும்போதும் விடவில்லை. வழக்கமான நான்கு மைகளுக்குப் பதில் ஏழு. அச்சுத் தகடுகள் சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் தயாராயின. உறைக்கு இவ்வளவு பணம் கொட்டினால், அதைத் திரும்ப எடுக்கவாவது இசைத்தட்டை வெளியிடும் ஆர்சிஏ நிறுவனம் விளம்பரத்துக்கு அள்ளி இறைக்கும் என்பது போவியின் மேலாளர் டோனி டிஃப்ரீஸின் கணக்கு.

இதற்கு ஓராண்டு முன்பு வந்த போவியின் இன்னொரு இசைத்தட்டின் வேற்றுக்கோள் நாயகன் ஜிகி ஸ்டார்டஸ்டும் இப்படிச் சமைக்கப்பட்டவன்தான். லண்டன் ஹெடன் தெருவில் 1972 ஜனவரியில் பிரையன் வார்டு எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். உறையில் நாம் பார்க்கும் நிறமெல்லாம் டெரி பாஸ்டர் கையால் ஏற்றியவை. நம் கண் அதை நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. பொருள்களின் வடிவத்தையும் நுணுக்கத்தையும் மூளை பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டிலிருந்தே கறக்கிறது. நிறத்தைச் சற்று மங்கலாகத்தான் பார்க்கிறது. ஆகவே நிழலைக் கறுப்பு வெள்ளைப் படம் சரியாகக் கொடுத்துவிட்டால், மேலே பூசிய நிறம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மூளை மன்னித்துவிடும்.

டஃபி 1979இல் தன் நெகடிவ்களைத் தோட்டத்தில் போட்டுக் கொளுத்தத் தொடங்கினார். புகையைப் பார்த்துப் புகார் எழுந்ததால் நெருப்பு நின்றது. அலாடின் சேன் தப்பியது. தப்பியவற்றில், அதே நாளில் போவி விழி திறந்து நம்மை நேராகப் பார்க்கும் படமும் ஒன்று. 2013இல் லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போவி கண்காட்சி நடத்தியபோது விளம்பரங்களில் அந்தப் படம்தான் நின்றது.

அதில் ஒப்பனையாளர் யாரும் செய்யாத ஒரு வேலை தெரிகிறது. இரண்டு கண்களும் இரண்டு நிறமாகத் தோன்றும். உண்மையில் இரண்டுமே நீலம்தான். அந்த நீலத்துக்குச் சாயமே கிடையாது; கருவிழிப்படலத்தின் நார்களில் ஒளி சிதறுவதால் பிறக்கும் நிறம் அது. பதினைந்து வயதில் ஒரு பெண்ணை முன்னிட்டு நடந்த சண்டையில் நண்பர் ஜார்ஜ் அண்டர்வுட் விட்ட குத்து, போவியின் இடக்கண்ணில் பாவையைச் சுருக்கும் வளையத் தசையைச் செயலிழக்கச் செய்துவிட்டது. அதற்குப் பின்னும் இருவரும் நண்பர்களாகவே இருந்தார்கள்.

பாவை என்பது கண்ணின் நடுவிலுள்ள திறப்பு. நலமான கண்ணில் அது வெளிச்சத்துக்கேற்ப ஏறத்தாழ 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரை மாறும். பரப்பளவில் அது பதினாறு மடங்கு. வெளிச்சம் கூடினால் போவியின் வலப்பாவை சுருங்கி, சுற்றியுள்ள நீலம் அகலும். இடப்பாவை அசையாமல் விரிந்தே கிடக்கும். கறுப்பு நீலத்தை விழுங்கிவிடும். விளக்கு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு அந்த இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று அந்நியமாகும். ஒளி நிறைந்த மேடையும் ஸ்டூடியோவும்தான் அந்த வேறுபாட்டை மிகத் தெளிவாகக் காட்டும் இடங்கள்.