பயிரையே கதவு திறக்க வைக்கும் பாக்டீரியா

சம்பா நெல் தூர் கட்டி நிற்கும் நேரம். இரண்டு நாள் மழையும் காற்றுமாகப் போனபின் பார்த்தால், இலை நுனியிலிருந்து ஓரமாக, அலை அலையாக மஞ்சள் இறங்கி, பிறகு வைக்கோல் நிறத்தில் காய்கிறது. தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா வீசுபவர்கள் உண்டு. அது நோய்க்குப் போடும் தீனி.

பாக்டீரியா இலைக்கருகல்தானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பச்சையும் மஞ்சளும் சேரும் இடத்தில் இலையை நறுக்கி, வெட்டுவாய் நீரில் அமிழும்படி கண்ணாடி டம்ளரில் நிறுத்தினால், சில நிமிடங்களில் பால் போன்ற கசிவு இறங்கும். அத்தனையும் பாக்டீரியா.

இவ்வளவும் எதைத் தின்று பெருகின? சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற இந்தக் கிருமி, இலையோர நீர்த்துளைகள் வழியாகவும் காயங்கள் வழியாகவும் புகுந்து, வேரிலிருந்து நீர் ஏறும் குழாயில் குடியேறுகிறது. அங்கே ஓடுவது பெரும்பாலும் தண்ணீரும் உப்புகளும்தான். சர்க்கரை இருப்பது பக்கத்துச் செல்களுக்குள். கிருமி, ஊசி போன்ற ஓர் அமைப்பால் தன் புரதத்தைச் செல்லுக்குள் செலுத்துகிறது. அது உட்கருவுக்குப் போய், 'ஸ்வீட்' எனப்படும் மரபணுவின் சுவிட்சைப் போட்டுவிடுகிறது. சர்க்கரையை வெளியே விடும் வாயில்களை உண்டாக்குவது அந்த மரபணு. மகரந்தம் வளரவும் மணி பிடிக்கவும் பயிர் வைத்திருக்கும் வாயில் அது. நேரங்கெட்ட நேரத்தில் திறந்துகொள்ள, கசியும் சர்க்கரை கிருமிக்குச் சாப்பாடாகிறது. இந்த வாயில்களின் வேலை 2010-இல்தான் தெளிவானது.

சில நெல் ரகங்களில் அந்தச் சுவிட்சே சற்று மாறியிருக்கும். கிருமியின் புரதம் அதில் பொருந்தாது, கிருமி பட்டினி. எக்ஸ்ஏ 13 என்ற எதிர்ப்புத்தன்மை இதுதான். ஆனால் கிருமியும் லேசுப்பட்டதல்ல, வேறொரு ஸ்வீட் மரபணுவைத் திறக்கும் வகைகளும் உண்டு. அதனால்தான் ஹைதராபாத் விஞ்ஞானிகள் பிபிடி 5204-இல், அதாவது நம் ஊர் ஆந்திரா பொன்னியில், எக்ஸ்ஏ 5, எக்ஸ்ஏ 13, எக்ஸ்ஏ 21 மூன்றையும் சேர்த்து 'மேம்படுத்தப்பட்ட சாம்பா மசூரி'யை உருவாக்கினார்கள். இது மரபணு மாற்றுப் பயிர் அல்ல. நெல்லோடு நெல்லைக் கலப்பு செய்து எடுத்தது.

ஆண்டுதோறும் இலைக்கருகல் வரும் வயல்களுக்கு இந்த ரகம் பொருத்தம். மற்ற ரகம் போட்டவர்கள் நாற்றின் நுனியைக் கிள்ளி நடுவதை விட வேண்டும். கிள்ளிய இடமே கிருமிக்கு வாசல். நோய் கண்டதும் யூரியாவை நிறுத்தி, நோயுள்ள வயலின் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகாமல் மடை அடைக்க வேண்டும். 10 லிட்டர் நீருக்கு 2 கிலோ புதிய பசுஞ்சாணம் கரைத்து, தெளியவைத்து, துணியில் இருமுறை வடிகட்டி, 15 நாள் இடைவெளியில் இரண்டு தடவை தெளிக்கலாம். சரியாக வடிகட்டாவிட்டால் தெளிப்பான் அடைத்துக்கொள்ளும்.