வாக்குரிமை வரலாறும் ஆவணச் சான்றுகளும்

ஒரு நாட்டில் எவரெவர்க்கு வாக்குரிமை இருந்தது என்னும் வினாவுக்குச் சட்டநூலே முழு விடையும் தந்துவிடும் எனப் பலர் கருதுவர். சட்டம் உரிமையின் எல்லையை வகுக்கின்றதேயன்றி, அவ்வுரிமை எவர் கையை உண்மையில் அடைந்தது என்பதைக் கூறுவதில்லை. சட்டம், தேருநர் இடாப்பு, தேர்தல் முடிபு ஆகிய மூன்றையும் திரட்டி ஒப்புநோக்கும்போதே வாக்குரிமையின் வரலாறு தெளிவாகும். இதற்கு இலங்கை தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

1833 இல் தாபிக்கப்பட்ட சட்டநிரூபண சபையின் உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர் நெடுங்காலம் தேசாதிபதியால் நியமனம் பெற்றவர்களே. 1911 இல் நடைபெற்ற தேர்தலிற் ‘படித்த இலங்கையர்’ ஆசனத்துக்குப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவானார். பின்னர் வாக்குரிமை சிறிது விரிவடைந்தும், டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இங்கு வந்த காலத்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு 4 பேரே வாக்காளராயிருந்தனர்; பெண்களுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை. ஆணைக்குழு 1928 இல் வெளியிட்ட அறிக்கை, ஆண்களுக்கு 21 வயதிலும் பெண்களுக்கு 30 வயதிலும் வாக்குரிமை அளிக்குமாறு விதந்துரைத்தது. ஆனால் 1931 இல் நடைமுறைக்கு வந்த சட்டமோ இருபாலார்க்கும் 21 வயதையே விதித்தது. அறிக்கையை மட்டும் படித்து அமைபவர் இவ்விடத்தில் வழுவுவர் என்பது வெளிப்படை.

இவ்வாராய்ச்சிக்குரிய மூலங்கள் பல இடங்களிற் பரந்துள்ளன. சட்டங்களையும் அறிவித்தல்களையும் 1802 முதல் வெளிவரும் அரசாங்க வர்த்தமானியிற் காணலாம். சபை விவாதங்களும் அரசாங்க அறிக்கைகளும் கொழும்பிலுள்ள தேசிய சுவடிக்கூடத்தில் ஆராயத்தக்கவை. தேசாதிபதிகள் குடியேற்றநாட்டு அலுவலகத்துக்கு எழுதிய கடிதங்கள் இலண்டன் கியூ நகரிலுள்ள தேசிய சுவடிக்கூடத்திற் பேணப்படுகின்றன. ஊர் மக்களின் மனநிலையை அறிய, 1889 இல் தோன்றிய ‘இந்துசாதனம்’ போன்ற பத்திரிகைகள் உதவும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுசன நூலகம் எரிக்கப்பட்டு அரிய தொகுதிகள் அழிந்தமையின், எஞ்சியவற்றைப் படியெடுத்துப் பேணுதல் இன்றியமையாதது.

திரட்டிய தரவுகளை அட்டவணைப்படுத்தும்போது சில கட்டங்கள் வெறுமையாயிருக்கும். அவ்வெறுமையின் காரணத்தை ஆராயாது பூச்சியம் என எழுதிவிடுதல் பெரும் பிழையாகும். 1931 ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளுக்கு வாக்குக் கணக்கு இல்லை. அங்கு மக்கள் உரிமையற்றிருந்தாரல்லர். பூரண சுயாட்சி வேண்டி வாலிபர் காங்கிரஸ் விடுத்த அழைப்பையேற்றுத் தேர்தலைப் பகிஷ்கரித்தனர். அவ்வாசனங்கள் 1934 இலேயே நிரப்பப்பட்டன. வேறு சில தொகுதிகளில் ஒருவரே போட்டியிட்டமையால் வாக்கெடுப்பு நிகழவில்லை. அதுவும் வெறுமையே, எனினும் பொருள் வேறு.

மலைநாட்டில் நிகழ்ந்தது இவற்றினும் முற்றிலும் வேறானது. 1947 இல் தோட்டத் தொழிலாளர் வாக்களித்து, சௌமியமூர்த்தி தொண்டமான் உள்ளிட்ட இலங்கை இந்தியர் காங்கிரஸ் உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். 1952 இல் அக்காங்கிரசினர் ஒருவரேனும் தெரிவாகவில்லை. காரணத்தை அறிய இரு சட்டங்களைச் சேர்த்துப் படித்தல் வேண்டும். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரைக் குடிகளல்லாதாராக்கியது. 1949 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கத் தேர்தற் திருத்தச் சட்டம் குடியுரிமையை வாக்குரிமைக்கு நிபந்தனையாக்கியது. முன்னதிற் பறிப்பின் சொல் இல்லை. பின்னதிற் சமூகத்தின் பெயர் இல்லை. பெயர் அற்றுப்போனதை இடாப்புகளே காட்டும். ஆசனங்களோ மக்கள்தொகையையும் நிலப்பரப்பையும் கொண்டு வகுக்கப்பட்டவை. ஆதலின், வாக்கிழந்தோரும் ஆசனத் தொகைக்கு மட்டும் எண்ணப்பட்டனர். அவ்வாசனங்களை நிரப்பும் உரிமை எஞ்சியோரிடமே சென்றது.

எண்களை ஒப்பிடுவோர் மேலும் இரண்டினை மனங்கொள்ளல் வேண்டும். முதலாவது, 1931 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு முழுமையானதன்று. முழுமையான கணக்குகள் 1921 இலும் 1946 இலும் எடுக்கப்பட்டவையே. இரண்டாவது, 1947 முதல் பல அங்கத்தவர் தொகுதிகளில் ஒருவர்க்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்குகள் இருந்தன. ஆங்கு அபேட்சகர் பெற்ற வாக்குகளின் கூட்டுத்தொகையை வாக்களித்தோர் தொகையெனக் கொள்ளலாகாது.

ஆதலின், ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் மூலத்தையும் ஆண்டையும் குறித்தல் போலவே, ஒவ்வொரு வெறுங்கட்டத்துக்கும் அதன் காரணத்தைக் குறித்தலும் ஆராய்ச்சியாளன் கடனாகும். மறுத்தவரும் மறுக்கப்பட்டவரும் ஏட்டில் ஒரே வெறுமையாய்த் தோன்றுவர். அவ்விருவரையும் வேறுபடுத்திக் காட்டாத வரலாறு, உரிமையிழந்தோர்க்கு இரண்டாம் முறையும் அநீதி இழைப்பதாகவே முடியும்.